‘கரிக்கால்’ என்றொரு கருவி

1

போன சனிக்கிழமை எங்கள் பட்டறைக்கு ஒரு பெரியவர் சக்கர நாற்காலியில் வந்தார். ஒரு காலத்தில் படகுகளுக்குப் பாய் தைத்தவராம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “இங்கே கரிக்கால் கிடைக்கும் என்று சொன்னார்கள். எனக்கு ஒன்று வேண்டும்” என்றார்.

பிரெஞ்சுக்காரர்களுக்குக் காரைக்கால் என்று சொல்ல வராது. நம் ஊரை ஆண்ட நாளிலிருந்தே அவர்களுக்கு அது கரிக்கால்தான். அந்தப் பெயரை ஊர்ப் பெயர் என்றே தெரியாமல், கத்தரிக்கோல் கேட்பதுபோல ஒருவர் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அவர் என்னைப் பார்த்து, “தப்பாக ஏதும் கேட்டுவிட்டேனா மதாம்?” என்றார்.

“இல்லை ஐயா, மிகச் சரியாகக் கேட்டீர்கள். அது எங்கள் ஊர்” என்றேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் இந்தச் செய்தியைச் சொல்லிவிட ஆசை. பிரான்சின் மேற்குப் பகுதியில், லுவார் ஆறு கடலைச் சேரப் போகும் நாந்த் நகரத்தில், நம் ஊர்ப் பெயரில் ஒரு கருவி இருக்கிறது. அதற்குக் காரணமானவளை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பாரதியார் சாலையில் தையல் கடை வைத்திருக்கும் ஜொஹரா. என் தங்கை.

2

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் பாலிடெக்னிக் படித்தேன். என்னைக் கட்டிய மாப்பிள்ளை ஜாஃபர், ஊரில் சொல்தா வீடு என்கிறோமே, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பம், அப்படியொரு வீட்டுப் பிள்ளை. இங்கே டிராம் ஓட்டுகிறார். கல்யாணமாகி வந்த புதிதில் என் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. பிறந்த ஊர் என்ற கட்டத்தில் காரைக்கால் என்று எழுதியதும், “நீங்கள் பிறந்தபோது அது பிரான்சா, இந்தியாவா?” என்று கேட்காத கவுன்டரே கிடையாது. என் வயதைப் பார்த்தாவது கேட்காமல் இருந்திருக்கலாம்.

கடைசியில் வீட்டு உபயோகப் பொருள்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடப் பிரிவில் வேலை கிடைத்தது. காப்பி மெஷினின் வயிற்றுக்குள் இருக்கும் பாகங்களைக் கணினியில் வரைகிறேன். எங்கள் கூட்ட அறைச் சுவரில் ஒரு பெண்ணின் படம் ஒட்டியிருக்கும். நாங்கள் செய்வதை வாங்கப்போகிறவளாகக் கற்பனை செய்துவைத்த ‘பயன்படுத்துபவர்’ அவள். அவளுக்கு ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு பூனை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் எதையும் கீழே போட மாட்டாள். எதையும் திறந்து பார்க்க மாட்டாள். முக்கியமாக, எதிர்த்துப் பேச மாட்டாள்.

என் தங்கை அப்படியில்லை.

ஜொஹரா ஒரு மழைநாளில் பக்கத்து ஊரான போலகத்துக்கு அளவெடுக்கப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது சறுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. உயிர் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. நான் லீவு போட்டுவிட்டு ஓடியபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றுகொண்டு, இனி அவள் எப்படி ஓய்வாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தோஹாவிலிருந்து வந்திருந்த அவள் மாப்பிள்ளையும் பாசமாகத்தான் சொன்னார்: “கடையை மூடிடு ஜொஹரா. ஒனக்கு என்ன கொறை வைக்கப் போறேன்?”

எல்லாரும் போனபின் அவள் என் கையைப் பிடித்தாள். “கால் போச்சு லாத்தா. சரி, அல்லாஹ் எழுதுனது. கை என்ன பாவம் பண்ணுச்சு?”

லாத்தா என்றால் எங்கள் வீடுகளில் அக்கா. அந்த ஒரு கேள்வியோடுதான் நான் நாந்துக்குத் திரும்பி வந்தேன்.

3

தையல் மெஷினை ஓட்டுவது கை என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். வேகம் முழுக்கக் காலில் இருக்கிறது. நேர்த் தையலுக்குப் பெடலை அழுத்துவார்கள். கழுத்து வளைவு வந்தால் பாதத்தை மெல்லத் தளர்த்துவார்கள். ஜொஹரா கைச்சக்கர மெஷினை வாங்கிப் பார்த்தாள். ஒரு கை சக்கரத்துக்குப் போய்விட்டால் பட்டைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். பட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. பொத்தான் வைத்த மெஷின் வாங்கினாள். பொத்தானை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். “இது தைக்கலை லாத்தா, பஸ் ஓட்டுது” என்றாள்.

நாந்தில் எங்கள் வட்டாரத்தில் ஒரு பொதுப் பட்டறை உண்டு. பழைய பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடம் அது. சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் போகலாம். ரம்பம், துளைப்பான், ஒயர் பற்றவைக்கும் கோல், பிளாஸ்டிக்கை இழை இழையாக அடுக்கிப் பொருள் செய்யும் பிரிண்டர் எல்லாம் இருக்கும். வேண்டியதைத் தானே செய்துகொள்ளலாம், உடைந்ததைத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். பட்டறையை நடத்துகிறவர் கோலெத் அம்மா. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பும் வழியில் அந்தக் கதவுக்குள் முதல்முறை நுழைந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று கோலெத் கேட்டார்.

“ஒரு கால்” என்றேன்.

முழங்கை வைக்கும் ஒரு பலகை செய்தேன். முழங்கையால் அழுத்த அழுத்த மெஷின் வேகம் எடுக்கும். ஜொஹராவுடைய புது மெஷினில் பெடலுக்குப் போகும் ஒயரில் ஓடுவது குறைந்த மின்சாரம்தான், அதனால் தைரியமாகக் கை வைத்தோம். ஆபீஸ் பழக்கம் என்னை விடவில்லை. வழவழவென்று, வெள்ளை நிறத்தில், விளிம்பெல்லாம் உருட்டி, ஒரு திருகாணிகூட வெளியே தெரியாமல் பசை போட்டு ஒட்டி, கடையில் வாங்கியதுபோலச் செய்து அனுப்பினேன்.

பார்சல் சென்னையில் நின்றுவிட்டது. பிரித்துப் பார்க்கும் சுங்க அலுவலகத்திலிருந்து ஜொஹராவுக்கு போன் வந்தது.

“பார்சல்ல என்னம்மா இருக்கு? மருத்துவக் கருவியா, மெஷின் பாகமா?”

“என் கால் சார்.”

“என்னது?”

“கால் சார், கால். எங்க லாத்தா பிரான்ஸ்லேர்ந்து அனுப்பியிருக்கா.”

அவர் குரலைத் தாழ்த்தி, “அம்மா, அதெல்லாம் இப்படி பார்சல்ல வரக்கூடாதும்மா. அதுக்குப் பெரிய பெர்மிஷன் இருக்கு” என்றாராம். ஜொஹரா சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்து, விஷயம் விளங்கி, அவரே எப்படி எழுதித்தர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பிவைத்தார்.

பார்சல் வந்த சனிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டாள். எங்களுக்குக் காலை, அவளுக்கு மதியம். பட்டறையில் எல்லாரும் என் போனைச் சுற்றி நின்றோம். ஜொஹரா முழங்கையை வைத்தாள், துணியை முன்னால் தள்ளினாள். மெஷின் அலறியது.

“லாத்தா! துணியத் தள்ளுனா கை முன்னாடி போவுது. கை போனா முழங்கையும் போவுது. அது பேய் புடிச்ச மாரி ஓடுது!”

என் முகம் வாடிவிட்டது. ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. “இத தொறந்து உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம்னா, ஒரு ஸ்க்ரூ கூட இல்ல. ஸ்க்ரூ இல்லாம எப்படி ஒரு சாமான் செய்யிறே? நான் தொறக்கவே கூடாதுன்னா?”

சொல்லிக்கொண்டே வெட்டும் கத்தரியின் முனையை இடுக்கில் விட்டு நெம்பினாள். பளபளப்பான என் மூடி படாரென்று பறந்தது. கோலெத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர்தான் முதலில் கைதட்டினார்.

4

இனி என் மகள் சனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். ஊரிலிருந்து போன் வந்தால், “சலாம் சாச்சி, நல்லா இருக்கேன்” என்று சின்னம்மாவிடம் ஒப்பித்துவிட்டு எங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வயசு அப்படி என்று ஜாஃபர் சொல்வார். எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

மூடி பறந்த வீடியோவை நான் பட்டறையில் பதிந்து வைத்திருந்தேன். வீட்டில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவள் சனா. அடுத்த சனிக்கிழமை கூப்பிடாமலே என்னோடு கிளம்பினாள்.

அன்று வீடியோவில் ஜொஹராவோடு பேசியபோது கேள்வி இதுதான்: ஜொஹராவின் உடம்பில், தைக்கும்போது சும்மா இருக்கும் இடம் எது?

“தாடை?” என்று கேட்டேன்.

“குனிஞ்சு ஊசியப் பாக்கணுமே.”

“வாய்? குழாய் வைத்து ஊதலாம்.”

“வாய மட்டும் கேக்காதே. அதுல குண்டூசி இருக்கும், இல்லேன்னா பேச்சு இருக்கும்.”

அவளுக்குப் பின்னால் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த செல்வி களுக்கென்று சிரித்தாள். செல்வி கிளிஞ்சல்மேட்டுக்காரி, கடையில் ஜொஹராவின் வலது கை. விபத்துக்குப் பின் வேலை ஜொஹராவின் வீட்டில்தான் நடந்ததால், அன்று மீன் வாங்கிக்கொண்டு அங்கே வந்திருந்தாள். ஜொஹரா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

“ஏய் செல்வி, மீன் பாத்து வாங்கும்போது பர்ஸை எங்க வச்சிக்குவே?”

“இங்கதான்க்கா” என்று செல்வி கையை விலாவோடு சேர்த்து இடுக்கிக் காட்டினாள்.

“பாத்தியா லாத்தா! பர்ஸு அக்குள்ல. ரெண்டு கையும் மீனுல. செவுளத் தூக்கிப் பாப்போம், பொரட்டிப் பாப்போம், பேரம் பேசுவோம். பர்ஸு விழுந்திருக்கா ஒரு நாளு?”

நான் உற்சாகமாகக் கோலெத்திடம் மொழிபெயர்த்தேன். அக்குளுக்குப் பிரெஞ்சில் எசெல். என் வாயில் வந்தது வெசெல். அதற்குச் சாப்பாட்டுப் பாத்திரம் என்று பொருள். கருவியைச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குள் வைக்க வேண்டும் என்று நான் ஆவேசமாகச் சொல்ல, கோலெத் பொறுமையாக, “எந்தப் பாத்திரம் மெஹர்?” என்றார். சனா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

சிரித்து முடித்தவள் எழுந்து, “பலகை வேண்டாம். காற்று போதும். ஒரு பந்து, ஒரு குழாய். அழுத்தினால் காற்று அழுத்தத்தை அளக்கலாம்” என்றாள். பிரெஞ்சில்தான் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொல்வதற்குள் போனைப் பிடுங்கித் தானே பேச ஆரம்பித்தாள்.

“சாச்சி, பந்து உங்க அங்குலத்துல வைங்க.”

“எத்தன அங்குலம்டி?” தையல்காரி கையில் டேப்பை எடுத்துவிட்டாள்.

“ஒண்ணு! இடது அங்குலம்!”

அந்தப் பக்கம் ஜொஹராவும் செல்வியும், இந்தப் பக்கம் நானும் சிரித்து ஓய வெகுநேரமானது. அக்குள் என்ற ஒரே சொல்லில் தாய் ஒரு மொழியிலும் மகள் இன்னொரு மொழியிலும் தடுக்கி விழுந்தோம். ஆனால் சனா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு அது போதும்.

5

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் ஒரு ரப்பர் பந்து இருக்குமே, அதை ஜொஹரா வீட்டிலிருந்தே எடுத்தாள். வால்வை அடைத்தாள். லைனிங் துணியில் அதற்கு ஓர் உறை தைத்து, தோளில் மாட்ட ஒரு பட்டையும் வைத்தாள். வேர்வை பட்டால் கழற்றித் துவைக்கலாம். அழுத்தத்தை அளந்து மெஷினுக்குச் சொல்லும் சின்னப் பெட்டியை நாங்கள் இங்கே செய்து அனுப்பினோம். இந்தமுறை நான்கு பக்கமும் திருகாணி. கடற்காற்றில் துரு ஏறாத திருகாணியாக ஜாஃபர் தேடி வாங்கி வந்தார்.

அது வேலை செய்தது. கழுத்து வளைவில் மெஷின் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தது. ஒரே ஒரு சிக்கல். ஜொஹரா சிரித்தால் கை விலாவில் இடிக்கும், மெஷின் ஓடிவிடும். இருமினாலும் ஓடும்.

“சிரிக்காமல் தைக்கலாமே” என்றேன், களைப்பில்.

“அப்படியொரு கடை எனக்கு வேணாம் லாத்தா.”

சனா ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். திடீரென்று வரும் அழுத்தத்தைக் கண்டுகொள்ளாமல், நிதானமாகக் கூடுகிற அழுத்தத்துக்கு மட்டும் அசையும்படி பெட்டிக்குள் இருக்கும் கட்டளைகளை இணையம் வழியாக மாற்றினாள். கையைத் தளர்த்தினால் மட்டும் அந்த நொடியே நின்றுவிட வேண்டும்; விரல் ஊசிக்கடியில் இருக்கலாம். “கெளம்புறது மெதுவா, நிக்கிறது ஒடனே” என்று ஜொஹரா அதற்கு ஒரு சூத்திரமே சொன்னாள். சனா அதைத் தமிழ் எழுத்தில் தப்பும் தவறுமாக எழுதி பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

பட்டறை வழக்கப்படி வரைபடங்களை யாரும் எடுத்துச் செய்துகொள்ளும்படி இணையத்தில் போட்டோம். என்ன பெயர் வைப்பது என்று கோலெத் கேட்டார். ஜொஹரா என்று வைக்கலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “நீ, நான், சனா, அந்தப் பட்டறைப் பெரியம்மா, எத்தன பேரு கை வச்சிருக்கு. ஊரு பேரப் போடு, பிரச்சினையே இல்ல.” பிரேசிலில் ஒரு பெண் அதைப் பானை வனையும் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு படம் அனுப்பினாள். எங்கள் பந்துக்குப் பதில் குழந்தைகள் விளையாடும் பந்து. எங்களுடையதைவிட அழகாக இருந்தது.

ஆபீசில் இதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் புதுக் காப்பி மெஷினுக்குப் பின்மூடியைப் பசை போட்டு ஒட்டுவதாகக் கூட்டத்தில் முடிவானபோது என் கை தானாக உயர்ந்தது. திருகாணி வைக்க வேண்டும் என்றேன். பயன்படுத்துபவர் எதற்குத் திறப்பார் என்று கேட்டார்கள். சுவரிலிருந்த பெண்ணைப் பார்த்தேன். பிறகு என் போனை எடுத்து, கத்தரியால் மூடியை நெம்பும் ஜொஹராவை அறை முழுக்கப் பார்க்கும்படி திரையில் போட்டேன்.

“இவர் யார்?” என்றார் பிரிவுத் தலைவர்.

“பயன்படுத்துபவர்” என்றேன்.

அந்த மெஷின் இப்போது கடைகளில் இருக்கிறது. பின்புறம் திருகாணிகளோடு.

6

அந்த ஜூலை விடுமுறைக்கு நானும் சனாவும் ஊருக்குப் போனோம். வீட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஜொஹரா கடைக்கு வந்து உட்கார்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கடலிலிருந்து வந்த காற்றில் கடைவாசலில் தொங்கிய துணிகள் படபடத்தன. திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஆயிஷா மாமி மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நிக்காஹ்வுக்கு லெஹங்கா. பட்டுத் துணி, அதே நெசவில் இனிமேல் ஒரு முழம்கூடக் கிடைக்காது.

மாமி துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஜொஹராவையும் சக்கர நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். “தப்பா நெனைக்காதே ஜொஹரா. நீ வெட்டிக் குடுத்து வேற ஆளு தைக்கிறதுன்னா எனக்கு வேணாம். ஒங்கையால தைக்கிறதா இருந்தா சொல்லு.”

“நீங்க உக்காருங்க மாமி. கண்ணு முன்னாடியே தைக்கிறேன்.”

அவர் உட்கார்ந்தார். மணப்பெண் நின்றுகொண்டே இருந்தாள். ஜொஹரா துணியை வெட்டினாள். லெஹங்காவுக்கான ரவிக்கையின் முதுகுக் கழுத்து ஆழமான வளைவு; அதில் ஒரு இழை நடுங்கினாலும் தெரிந்துவிடும். அவள் பந்தை மாட்டிக்கொண்டாள், இரண்டு கையாலும் பட்டைப் பிடித்தாள், பிஸ்மில்லாஹ் சொன்னாள். மெஷின் மெல்லக் கிளம்பியது. வளைவின் அடியில் ஏறக்குறைய நின்றுவிட்டதுபோல ஊர்ந்தது, ஏறியது, நேர்கோட்டில் விர்ரென்று ஓடி நின்றது. நடுவில் தெருவில் போன யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்துவிட்டுச் சிரித்தாள். ஊசி அசையவில்லை. சனா என் கையை நெரித்தாள்.

மறுநாள் மாலை மணப்பெண் உடுத்திக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு குழந்தைபோல ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆயிஷா மாமி வளைவை விரலால் தடவிக்கொண்டே போனார்.

“அதே கையிதான்டி” என்றார்.

“கை எங்கயும் போவலையே மாமி” என்றாள் ஜொஹரா.

தோஹாவிலிருந்து அவள் மாப்பிள்ளை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். கடையை மூடச் சொன்னவர், “போர்டு பழசா இருக்கே, புதுசா எழுதச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

நாங்கள் கிளம்புவதற்கு முன் இன்னொன்றும் நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஜொஹரா பந்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் செல்வி அதை எடுத்து மாட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருநாள் சனா பார்த்துவிட்டாள். செல்விக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன.

“பொழுதன்னைக்கும் பெடல மிதிச்சி குதிகாலு வீங்கிப்போவுதுக்கா” என்றாள் செல்வி, வெட்கப்பட்டுக்கொண்டு. “இதுல அந்த நோவே இல்ல. எனக்கும் ஒண்ணு செஞ்சி குடுங்களேன்.”

சனா மருந்துக் கடையில் பந்து வாங்கி வந்தாள். உறையைச் செல்வியே தைத்தாள். நாங்கள் கூடுதலாகக் கொண்டுவந்திருந்த பெட்டியின் திருகாணிகளை அவர்கள் இருவரும் உட்கார்ந்து முடுக்கினார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இப்போது கடைக்கு இன்னொரு பெண் சேர்ந்திருக்கிறாள், அவளும் பந்தில்தான் தைக்கிறாள். மூன்று மெஷினுக்கும் காலே தேவையில்லை. பெடல் ஒன்றைக் காற்றில் கதவு அடிக்காமல் இருக்க முட்டாக வைத்திருக்கிறார்கள்.

நேற்று ஜொஹரா போனில் சொன்னாள். துணி தைக்கக் கொடுக்க வந்த அம்மா ஒருத்தி கதவடியில் கிடந்த அந்தப் பெடலைக் காலால் தள்ளிப் பார்த்து, “இது என்னம்மா, புதுசா?” என்று கேட்டிருக்கிறாள்.

“அதுங்களா? கையால மட்டும் தைக்க வராதவங்களுக்குன்னு ஒரு சாமான் இருக்குதுங்க. பாவம், அவங்களும் பொழைக்கணும்ல” என்றாளாம் என் தங்கை.